டுரியான் மரத்துக்குப் பேர் தெரிஞ்சவங்க: ஓராங் அஸ்லி பெரியவங்களப் பத்தி உங்க கேள்வி, என் பதில்

ஓராங் அஸ்லின்னா மலேசியத் தீபகற்பத்துப் பூர்வக்குடிங்க; அவங்கள்ல தெமுவான்ங்கற இனத்தோட கம்போங் (கிராமம்) ஒண்ணுல ஒவ்வொரு டுரியான் மரத்துக்கும் தனித்தனியா பேர் இருக்கு, அத ஞாபகம் வெச்சிருக்கற பெரியவங்கதான் அறிவுக் காவலர், கனவுல பாட்டு வாங்கறவங்களும் உண்டுன்னு போன வாரம் நாலு வரி எழுதிப் போட்டேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன், சண்டைக்கு வந்தத மட்டும் அப்டியே விட்டுருக்கேன். முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பொறந்தது கேரித் தீவு தோட்டத்துல, அப்பா செம்பனைக் குலை வெட்டினவரு, நாங்க விளையாடுற எடத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சா மா மெரின்னு இன்னொரு ஓராங் அஸ்லி இனத்தோட கம்போங். பெறகு கே.எல். வந்து நில அளவை வேலை கத்துக்கிட்டு, பதினெட்டு வருஷம் ஓராங் அஸ்லி கம்போங்குல பாரம்பரிய நிலத்துக்கு மேப் போடுற குழுவோட ஜி.பி.எஸ். தூக்கிக்கிட்டு நடந்தேன். இப்ப கோம்பாக்ல வீடு, முட்டி வலி. நான் ஓராங் அஸ்லி கெடையாது, அத ஞாபகம் வெச்சுக்கிட்டு படிங்க.

செந்தூல்லேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, அறிவுக் காவலர்னு எழுதியிருந்தீங்க, அது யாரு? தோக் பாத்தினா, போமோவா (மந்திர வைத்தியரா), இல்ல ரெண்டும் ஒரே ஆளா?

தம்பி, நானும் மொத தடவ போறப்ப இதே குழப்பத்தோடதான் போனேன். பாத்தின்னா கம்போங் தலைவர். 1954 பூர்வக்குடிச் சட்டம் இருக்கு, சட்டம் 134-னு சொல்வாங்க, அதுல 16-வது பிரிவுல தலைவர் பதவி பரம்பரையா வரலாம் இல்ல ஊரே தேர்ந்தெடுக்கலாம்னு இருக்கு, ஆனா அமைச்சர் உறுதிப்படுத்தணும். அதனால பாத்தின் பாதி ஊரு மனுசன், பாதி ஆபீஸ் மனுசன், ஃபாரம் கையெழுத்து போடறவரு. வைத்தியம் பாக்கறவரு வேற, தெமியார் இனத்துல அவர ஹலான்னு சொல்வாங்க. பிரசவம் பாக்கற பாட்டி வேற. எந்த ஓடையிலேர்ந்து எந்த மலைமுகடு வரைக்கும் யாரு தாத்தா நடந்தாரு, எந்தக் குழியில யாரப் பொதச்சாங்கன்னு சொல்ற ஆளு வேற. சில ஊர்ல ரெண்டு மூணு வேலைய ஒரே ஆளு சொமப்பாரு, ஆனா முழுசும் ஒரே மண்டையில இருக்கறது நான் பாத்ததே இல்ல.

ஒரு தடவ பாத்தின்கிட்டயே போயி எல்லைய காட்டுங்கன்னேன். அவரு சிரிச்சிட்டு, "எனக்கு ரோட்லேர்ந்து சூராவ் (தொழுகை எடம்) வரைக்கும்தான் தெரியும், என் பொண்டாட்டியோட அக்காவ கூட்டிக்கிட்டுப் போ"ன்னாரு. அந்த அம்மாவுக்கு எழுவது வயசுக்கு மேல, காலுல ஜப்பான் செருப்பு, கையில பாராங் கத்தி, நாங்க மூணு ஆம்பளைங்க பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடினோம். இவங்களுக்கு பட்டம் கிட்டம் எதுவும் கெடையாது. ஊருல நாலு பேர்கிட்ட தனித்தனியா கேளுங்க, நாலு பேரும் ஒரே ஆளக் கை காட்டினா அவருதான்.

இன்னொரு வேலையும் இருக்கு, அத யாரும் கவனிக்கறதில்ல. செமாய் இனத்து ஆளுங்க மத்தியில சண்ட வந்தா பிச்சாரான்னு ஒண்ணு நடக்கும், ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுவாங்க, மணிக்கணக்குல, சில நேரம் நாள் கணக்குல, சொல்றதுக்கு யார்கிட்டயும் ஒண்ணும் மிச்சம் இல்லாத வரைக்கும் பேச்சுதான். கோவம் அலுத்துப்போயி வெளிய போயிடும். கடைசில பெரியவரு முன்னாடி இதே மாதிரி என்ன நடந்துச்சுன்னு சொல்லி, இனிமே இதப் பத்தி யாரும் வாயெடுக்கக் கூடாதுன்னு முடிச்சு வெப்பாரு. மூலிகை தெரிஞ்சவர விட பழைய சண்டையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கறவரு ஊருக்கு முக்கியம்னு எனக்குத் தோணும். அந்த பிச்சாரா நம்ம விசாரணை வந்த அதே வேர்லேர்ந்துதான், சமஸ்கிருதத்துலேர்ந்து மலாய்க்கு வந்து அங்கேர்ந்து காட்டுக்குள்ள போன சொல்லு.

ரவாங் அக்கா ஒருத்தங்க: எங்க தோட்டத்துல அவங்கள சக்காய்னு சொல்லுவாங்க, அது தப்பா?

தப்புக்கா. அடிமை, காட்டான்ங்கற அர்த்தத்துல ஒட்டிக்கிட்ட பேரு அது, அவங்க காதுல விழுந்தா வலிக்கும். இங்க நம்ம தமிழாளுங்கள இழிவா ஒரு சொல்லு சொல்லிக் கூப்பிடுவாங்களே, அத நெனச்சுப் பாருங்க, போதும். ஓராங் அஸ்லின்னு பொதுவா சொல்லலாம், தெரிஞ்சா அவங்க இனத்துப் பேரையே சொல்லுங்க. தீபகற்பத்துல அரசாங்கக் கணக்குப்படி 18 இனம், நெக்ரிட்டோ, செனோய், மெலாயு அஸ்லின்னு மூணு பிரிவு, பிரிவுக்கு ஆறு. கோம்பாக், டெங்கில் பக்கம் பாக்கறவங்க பெரும்பாலும் தெமுவான். கேரித் தீவுல மா மெரி. கேமரன் மலைக்குப் போற வழியில பெத்தாய் (வாட அடிக்கற காட்டு அவரை) விக்கறவங்க அனேகமா செமாய். சபா சரவாக்ல இருக்கறவங்கள ஓராங் அஸ்லின்னு சொல்றதில்ல, அது வேற கணக்கு.

பாயான் லெப்பாஸ், யூனிவர்சிட்டி மாணவி: சார், அசைன்மென்ட்டுக்கு ஓராங் அஸ்லி மூலிகை 50 எடுத்து பேர், உபயோகம்னு டேபிள் போடணும். பினாங்கு பக்கத்துல எந்த ஊருக்குப் போலாம்?

மா, பினாங்குத் தீவுல ஓராங் அஸ்லி கம்போங் கெடையாது. உனக்கு பக்கம்னா கெடாவுல பாலிங், அங்க கென்சியு இருக்காங்க, இல்ல பேராக்ல கெரிக் தாண்டி பெலும் பக்கம் ஜஹாய். ஆனா நீ போறதுக்கு முன்ன என் கதைய கேளு.

உலு சிலாங்கூர்ல ஒரு தெமுவான் பெரியவரு, அவர்கிட்ட ஒரு வேரு இருந்துச்சு. மேப் வேலைக்குப் போன எடத்துல எங்க குழுப் பையனுக்கு வயித்து வலி, அவரு எதையோ சீவிக் கொதிக்க வெச்சுக் குடுத்தாரு, சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்துட்டான். எனக்கு ஆச புடிச்சுக்கிச்சு. பேர் என்னன்னு கேட்டேன், டீ குடின்னாரு. மறுநா கேட்டேன், மழ வரும்போல இருக்குன்னாரு. மூணாவது தடவ நோட்டு பேனாவோட போயி உக்காந்தேன், ஏற எறங்க பாத்துட்டு "உனக்கு என்ன வியாதி?"ன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னேன். "அப்ப பேரு எதுக்கு?"

எனக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்ப கஞ்சத்தனம்னுதான் நெனச்சேன். நாலு வருஷம் கழிச்சு எனக்கே வயிறு கோளாறு ஆயி அவர்கிட்ட போனப்பதான் பேர் சொன்னாரு, பேரோட சேத்து ஒரு பட்டியலே வந்துச்சு: ஒரு பக்கத்து வேர் மட்டும்தான் வெட்டணும், மண்ண திருப்பி மூடணும், அதே மரத்துக்கு அந்த வருஷம் மறுபடி போகக் கூடாது, மாசமா இருக்கற பொம்பளைக்கு குடுக்கக் கூடாது, குடுத்த ஆளு சாப்பாடு விஷயத்துல ஒரு நாள் கூடவே இருந்து பாக்கணும். இதெல்லாம் உன் டேபிள்ல எந்தக் கட்டத்துல போடுவ? பேரும் உபயோகமும் மட்டும் எடுத்துக்கிட்டு வந்தா கத்திய ஒற இல்லாம தூக்கிக்கிட்டு வர்ற மாதிரி. அந்தப் பேரு என்னன்னு கீழ நாலு பேரு கேட்டுருக்கீங்க. உங்களுக்கு என்ன வியாதி?

சட்டமும் இருக்குமா. 2017-ல நம்ம நாட்டுல உயிர்வளம் எடுக்கறதுக்கும் அதுல வர்ற பலன பங்கு போடறதுக்கும் ஒரு சட்டம் வந்துச்சு, சட்டம் 795, நடைமுறைக்கு வந்தது 2020 டிசம்பர் 18. அதுக்கு நடுவுல 2018-ல இதே விஷயத்துக்கான உலக ஒப்பந்தமான நகோயா ஒப்பந்தத்துலயும் மலேசியா சேந்துருச்சு. ஒரு சமூகத்தோட பாரம்பரிய அறிவ எடுத்து ஆராய்ச்சி பண்ணணும்னா அவங்ககிட்ட முன்கூட்டியே விவரமா சொல்லி சம்மதம் வாங்கணும், இதுதான் சாரம். உன் லெக்சரர்கிட்ட எதிக்ஸ் அனுமதி, மாநில பெர்மிட்டு ரெண்டையும் கேளு, அவரே முழிப்பாரு.

ஏன் இவ்ளோ பயம்னா, தொங்காட் அலிய எடுத்துக்க. காட்டு ஆளுங்க தலமொற தலமொறையா உபயோகிச்ச வேரு, நம்ம அரசாங்கமும் அமெரிக்காவுல எம்.ஐ.டி.யும் சேந்து ஆராய்ஞ்சு அதுல ஒரு பொருளுக்கு 2006-ல அங்க பேட்டன்ட்டும் வாங்கினாங்க. இப்ப எந்த கோப்பிக் கடைக்குப் போனாலும் தொங்காட் அலி கோப்பி தொங்குது. அத மொதல்ல தோண்டிக் காட்டினது யாரு தாத்தான்னு எந்தப் பாக்கெட்லயாவது எழுதியிருக்கா பாரு.

சரவாக்ல கொஞ்சம் தேவலாம். அங்க பல்லுயிர் மையம் ஒண்ணு 1998-லேர்ந்து இருக்கு, ஊரு மக்களே அவங்க செடிய அவங்களே எழுதி வெக்கறதுக்கு பயிற்சி குடுக்கறாங்க, எத வெளிய சொல்லலாம்னு ஊருதான் முடிவு பண்ணும். அதுலேர்ந்துதான் லிட்சாரான்னு ஒரு வாசன எண்ணெய் வந்துச்சு, ஒரு செடியோட எலையிலேர்ந்து எடுக்கறது, எண்ணெய் எடுக்கறதும் கிராமத்து ஆளுங்க. அசைன்மென்ட்டுக்கு இதப் பத்தி எழுதேன், 50 மூலிகை டேபிள விட நல்ல மார்க் வரும்.

பட்டர்வொர்த் மாமா ஒருத்தர்: தம்பி, இதெல்லாம் நம்ம ஆளுங்க கிட்டயும் இருந்துச்சே. எங்க தோட்டத்துல மருத்துவச்சி இருந்தாங்க, உடுக்க அடிக்கற பூசாரி இருந்தாரு. நம்ம ஊர்ல பழங்குடிங்க கிட்ட இருக்கா?

இருந்துச்சு மாமா, என்னப் புடிச்சு வெளிய எடுத்ததே எங்க லயத்துப் பாட்டிதான், ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்குள்ள நான் வந்துட்டேனாம். அந்தப் பாட்டி போனதோட அதும் போச்சு, யாரும் பக்கத்துல நின்னு கத்துக்கல. ஆனா நம்ம தோட்டத்து ஆளுங்க கப்பல்ல வந்தவங்க, அறிவக் கூட கொண்டாந்தவங்க. ஓராங் அஸ்லிக்கு அறிவு அந்த எடத்தோட ஒட்டினது, எடம் போனா கூடவே போயிடும். அந்த வித்தியாசத்த நான் முக்கியமா பாக்கறேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டீங்கன்னா ரெண்டு கத சொல்லணும். ஒண்ணு காணிக்காரங்க, அகத்தியமலையில இந்தப் பக்கம் தமிழ்நாடு அந்தப் பக்கம் கேரளா. 1987-ல திருவனந்தபுரத்துலேர்ந்து விஞ்ஞானிங்க மலையேறிப் போனாங்க, இவங்க நாக்குத் தள்ளிக் கெடக்காங்க, வழி காட்ட வந்த காணி ஆளுங்க என்னமோ ஒரு பழத்த மென்னுக்கிட்டு ஜாலியா ஏறறாங்க. என்னான்னு கேட்டா சொல்லக் கூடாதுன்னாங்க. பெறகு எப்டியோ சொல்லிட்டாங்க, ஆரோக்கியப்பச்சைன்னு செடி. அதுலேர்ந்து ஜீவனின்னு மருந்து செஞ்சு 1995-ல ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்தாங்க, பத்து லட்சம் ரூபாயும் ரெண்டு சதவீத ராயல்டியும், அதுல பாதி காணிங்களுக்கு. உலகமே பாராட்டிச்சு, பலன் பகிர்வுக்கு உதாரணம்னு புத்தகத்துலயெல்லாம் வந்துச்சு. ஆனா காணிகள்ல வைத்தியம் பாக்கற பிலாத்தி பெரியவங்களே எதிர்த்தாங்க. வழி காட்டப் போன பசங்களுக்கு அதச் சொல்ற உரிம இல்ல, அது எங்க பொறுப்புல இருக்கற விஷயம்னாங்க. சம்மதம் வாங்கறதுன்னா யாருகிட்ட வாங்கறதுங்கற சிக்கல் இதுல நல்லா தெரியுது பாருங்க, கைநாட்டு வெக்க எவனாவது ஒருத்தன் கெடைச்சுருவான்.

இன்னொண்ணு இருளர். பாம்புத் தோலுக்குத் தட வந்ததும் பொழப்பு போச்சு, 1978-ல சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில கூட்டுறவுச் சங்கம் வெச்சாங்க, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்ட விரியன் நாலையும் புடிச்சு, விஷத்த எடுத்துட்டு, பாம்ப திரும்ப காட்டுலயே விட்டுடுவாங்க. நாட்டுல விஷமுறிவு மருந்துக்கு அவங்க விஷம்தான் பெரிய ஆதாரம். 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு அவங்கள்ல ரெண்டு பேருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. பள்ளிக்கூடம் போகாத ஆளுங்க.

செலயாங் சகோதரர், கொஞ்சம் காரமா: கனவுல பாட்டு வருது, மரம் பேசுதுன்னா அதுக்குப் பேரு அறிவா? மூடநம்பிக்கைய அழகா பேக்கிங் பண்ணாதீங்க.

சண்டைக்கு வந்தது இதுதான். சரி உக்காருங்க.

மொதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். அவங்க சொல்ற எல்லாமே வேல செய்யும்னு நான் சொல்லல. பாம்பு கடிச்சா, பிள்ளைக்கு காச்ச நாலு நா நின்னா, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அவங்களும் அப்டித்தான் ஓடறாங்க, கோம்பாக்ல ஓராங் அஸ்லிக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு. காட்டு வைத்தியம் பாக்கறேன்னு டவுன்ல கடை போட்டு ஏமாத்தற ஆளும் உண்டு, அவன் பெரும்பாலும் ஓராங் அஸ்லியாவே இருக்க மாட்டான், அது வேற கத.

இப்ப கனவு. தெமியார் மக்கள்கிட்ட, தூங்கறப்ப ஒரு பூவோ மலையோ ஆறோ புலியோ வந்து ஒரு பாட்டு குடுக்கும்னு நம்பிக்க. பாட்டு கெடைச்சவரு அத சேவாங் ராத்திரியில, அதாவது ஊரு கூடி நோயாளிக்காகப் பாடற சடங்குல, பாடுவாரு. வெளக்க அணைச்சுருவாங்க. அவரு ஒரு வரி பாடுவாரு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மூங்கில் குழாய, ஒரு கையில நீளம் ஒரு கையில குட்ட, மரக்கட்ட மேல தொப் தொப்புனு மாத்தி மாத்தி இடிச்சுக்கிட்டே அதே வரிய திருப்பிப் பாடுவாங்க. அந்த மூங்கில் வீட்டுத் தரை அதிர்றது உங்க தொடையில ஏறும். எனக்கு ரெண்டு மணி நேரத்துல நான் எங்க இருக்கேன்னே மறந்துபோச்சு. நோயாளி நடுவுல இருப்பாரு. வியாதி போகுதோ இல்லியோ, ஊரு முழுக்க ராத்திரி கண்ணு முழிச்சு உங்களுக்காக உக்காந்திருக்குன்னா அதுவே பாதி மருந்துங்க. பாட்டுல எந்த ஆறு எங்க திரும்புது, எந்த மரம் எந்த மலையில பூக்குதுன்னு வருது. உங்க பாட்டு எந்த மலையிலேர்ந்து வந்துச்சோ அந்த மலைய வெட்டினா உங்களுக்கு பாட்டு வராது, அவ்ளோதான் கணக்கு.

கத வடிவத்துல இருந்தா அறிவு இல்லன்னு சொல்றீங்க. சுமத்ரா பக்கத்துல சிமெலுவே தீவு. 1907-ல அங்க சுனாமி அடிச்சு பெருஞ்சாவு. பொழச்சவங்க அதுக்கு ஸ்மோங்னு பேர் வெச்சு பாட்டா, தாலாட்டா, கதையா பேரப்பிள்ளைங்க காதுல போட்டுக்கிட்டே இருந்தாங்க: நிலம் பலமா ஆடி, கடல் உள்வாங்குச்சுன்னா மீன் பொறுக்க எறங்காத, மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26-ல அந்தத் தீவு நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, அலை நிமிஷக் கணக்குல வந்துருச்சு, சைரன் இல்ல, ரேடியோ இல்ல. சுமார் 78,000 பேர்ல செத்தது 7 பேரு. ஸ்மோங்னு ஒரு கத்தல், அம்புட்டுப் பேரும் மலையில.

நம்ம பினாங்குல அலை வர்றதுக்கு மணிக்கணக்குல நேரம் இருந்துச்சு. ஞாயித்துக்கெழம, கடற்கரையில குடும்பம் குடும்பமா. 52 பேரு போயிட்டாங்க. நாடு முழுக்க 68. நமக்கு யாரும் பாட்டு சொல்லிக் குடுக்கல சகோதரா.

வக்கீல் ஆபீஸ்ல வேல செய்யற தங்கச்சி, பிரிக்பீல்ட்ஸ்: பெரியவங்க வாயால சொல்றது கோர்ட்ல செல்லுமா?

செல்லுது, கஷ்டப்பட்டு. கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் போற ஹைவேக்காக 1995-ல டெங்கில், புக்கிட் தம்போய் தெமுவான் மக்கள்கிட்டேர்ந்து 38 ஏக்கர எடுத்தாங்க. பட்டா இல்ல, அதனால மரத்துக்கும் வீட்டுக்கும்தான் காசு, மண்ணுக்கு இல்லன்னாங்க. சாகோங் பின் தாசியும் இன்னும் ஆறு பேரும் வழக்கு போட்டாங்க. 2002-ல ஷா ஆலம் உயர்நீதிமன்றம் மண்ணும் அவங்களதுன்னு தீர்ப்பு, 2005-ல மேல்முறையீட்லயும் அதே, 2010-ல 65 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சமரசம். அதுக்கு முன்னாடி 1997-ல ஜொகூர்ல ஓராங் அஸ்லி நில உரிமைக்கான ஆடோங் வழக்கு வழி காட்டிச்சு. கனடாவுல அதே 1997-ல டெல்கமூக் வழக்குல அங்க உச்ச நீதிமன்றம், பூர்வக்குடிங்க வாய்மொழி வரலாற எழுத்து ஆதாரத்துக்கு சமமா வெச்சுப் பாக்கணும்னு சொல்லிருச்சு.

எங்க வேலையே அதுதான். பெரியவங்க கூட நடக்கணும். ஒரு மரத்தடியில நிப்பாங்க, இது எங்க கொள்ளுத் தாத்தா ஒரு டுரியான் கொட்டையத் துப்பின எடம், அதனால இந்த மரத்துக்கு அவரு பேரு, இதோட பழம் அவரு வம்சத்துக்கு மட்டும்தான், மத்தவங்க கீழ விழுந்தத கேட்டுட்டு எடுக்கலாம். நான் பாயின்ட் எடுப்பேன், நம்பர் போடுவேன். அடுத்த மரம். சாயங்காலம் லேப்டாப்ல போட்டுப் பாத்தா புள்ளியெல்லாம் சேந்து ஒரு வம்சாவளி மாதிரியே கெடக்கும், குடும்ப மரம்னு சொல்றமே அது அங்க நெசமாவே மரம். கல்லறையும் அப்டித்தான், வெளிய பாத்தா சும்மா ஒரு மேடு. ஒரு ஊர்ல நாங்க 43 புள்ளி எடுத்துட்டு வந்தோம், திரும்பி போறதுக்குள்ள ஒரு கம்பெனி மண்வாரி வுட்டு தள்ளிட்டாங்க. பெரியவரு அந்த செவப்பு மண்ணுல நின்னுக்கிட்டு "17 எங்க இருந்துச்சு"ன்னு என்கிட்ட கேட்டாரு. அவரு எனக்குச் சொன்னத நான் அவருக்கு மெஷினப் பாத்துச் சொல்ல வேண்டியதாப்போச்சு.

அது ஞாபகம் வந்தா இப்பவும் தூக்கம் வராது. சரி அடுத்தது.

கிள்ளான் ஆசிரியை: ஐந்தாம் ஆண்டு பிள்ளைங்கள கேரித் தீவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? என்ன காட்டறது?

தாராளமா போங்க டீச்சர், சுங்கை பும்புன்ல மா மெரி கலாச்சார கிராமம் இருக்கு, முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க. பொம்பளைங்க ஓல மடிச்சு பூவும் பறவையும் செய்வாங்க, பிள்ளைங்களுக்கு அது புடிக்கும். சிற்பம் செதுக்கறவர்கிட்ட சங்கிலி கட்டின புலி மூதாதைய காட்டச் சொல்லுங்க. அந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியும் தனியா ஆடும், ஆனா எல்லாம் ஒரே கட்டையில குடைஞ்சது, ஒட்டு கெடையாது. மரத்துக்குப் பேரு 'ஞிரே பாத்து', கண்டல் காட்டு மரம், அது கெடைக்கறதே இப்ப குதிரக்கொம்பு. முகமூடிய தலையில மாட்டி செல்ஃபி எடுக்க விடாதீங்க, அது அவங்களுக்கு மூதாதையர் முகம், நம்ம கருப்பர் சாமி அருவாளத் தூக்கி யாராவது டிக்டாக் எடுத்தா எப்டி இருக்கும். ஹரி மோயாங்னு மூதாதையருக்கு எடுக்கற நாளுக்கு அழைப்பு இல்லாம போகாதீங்க. நேரம் இல்லன்னா நெகாரா மியூசியம் வளாகத்துலயே ஓராங் அஸ்லி கைவினைக்குன்னு ஒரு மியூசியம் இருக்கு, கோம்பாக்லயும் ஒண்ணு இருக்கு.

பூச்சோங் அக்கா: நீங்க சொல்றதெல்லாம் பெரும்பாலும் ஆம்பளைங்க கதையா இருக்கே?

குத்திட்டீங்க. நியாயம்தான், நான் ஆம்பள, எனக்கு ஆம்பளைங்க சொன்னதுதான் அதிகம் காதுல விழுந்துச்சு, பொம்பளைங்க விஷயம் பேசறப்ப என்ன போயி தண்ணி தூக்கிட்டு வரச் சொல்லிடுவாங்க. ஆனா சபாவுல கடசான் டூசுன் மக்களோட பொபொஹிசான், அதாவது சடங்கு நடத்தற பூசாரிங்க, பெரும்பாலும் பொம்பளைங்கதான். ரினாயிட்னு பழைய மொழியில நீளமான மந்திரப் பாட்டு, மணிக்கணக்குல, ஒரு ஏடும் இல்லாம நெஞ்சுலேர்ந்து. மே மாசக் கடைசி காமாத்தான் அறுவடைத் திருவிழாவுல நெல்லோட ஆவிய வீட்டுக்குக் கூப்பிடறது அவங்கதான். இப்ப அவங்க ரொம்பக் கொறஞ்சுட்டாங்க. சரவாக் ஈபான் பொம்பளைங்க பூவா கும்புன்னு சடங்குத் துணி நெய்வாங்க, சாயம் புடிக்கறதுக்கு முன்ன நூல பதப்படுத்தற சடங்குக்கு ஙார்னு பேரு, அந்தக் கலவை அளவு தெரிஞ்ச பொம்பளைக்கு தலைய வெட்டிக்கிட்டு வந்த வீரனுக்குச் சமமா மரியாத, அந்த வேலைக்கே பொம்பளைங்க போர்னுதான் பேரு. அளவு தப்பினா சாயம் புடிக்காது, அவ்ளோ துல்லியம், கெமிஸ்ட்ரி தானே அது.

ஸ்தாப்பாக், பேர் போடாத ஒருத்தர்: சின்னப் பசங்க கத்துக்கறாங்களா, இல்ல எல்லாம் முடிஞ்சுதா?

முடிஞ்சுதுன்னு சொல்றவங்க கூட நான் சேர மாட்டேன். ஆனா சின்ன வயசுலயே பிள்ளைங்கள ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறப்ப, காட்டுல தாத்தா பின்னாடி நடக்க வேண்டிய வயசு கைவிட்டுப் போயிடுது, விடுமுறைக்கு வர்ற பையன் செடிப் பேர மலாய்ல சொல்றான், தாத்தா மொகத்த திருப்பிக்கறாரு. இன்னொரு பக்கம், அரசாங்க ஒலிபரப்பு ஆர்.டி.எம்.மோட அஸ்யிக் எஃப்.எம். ரேடியோ செமாய், தெமியார், தெமுவான், ஜக்குன் மொழியில ஓடுது. எங்க குழுவுல ஜி.பி.எஸ். கத்துக்கிட்ட தெமுவான் பொண்ணு ஒருத்தி இப்ப தனியா பக்கத்து ஊருங்களுக்கு மேப் போடறா, பாட்டிகிட்ட கேட்டு ஒவ்வொரு ஓடைப் பேரையும் போன்ல ரெக்கார்ட் பண்றா. அந்த ரெக்கார்ட் எல்லாத்தையும் யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டா, எனக்கும்தான். மூணாவது தடவ கேட்டப்ப, டீ குடிங்க அங்கிள்னா.

கடைசி, காஜாங் தம்பி: போனா என்ன கொண்டு போகணும்? அப்புறம் பெத்தாய் அவங்ககிட்டேயே வாங்கலாமா?

அரிசி, சீனி, டீத்தூள், பெரியவங்களுக்கு வெத்தல புகையில. மொதல்ல பாத்தின்கிட்ட போயி வந்த காரணத்த சொல்லு. ஒரு நாள் முழுக்க அவங்க நேரத்த எடுத்தா கூலியும் குடு, அவரு தோட்டத்து வேல கெட்டுருக்கும். படம் எடுக்கறதுக்கு முன்ன கேளு, வேணாம்னா ஏன்னு கேக்காத. பெத்தாய் தாராளமா வாங்கு, ரோட்டோரம் கொத்து கொத்தா தொங்கும், காலையிலேயே போனா பிஞ்சா நல்லதா கெடைக்கும், சூப்பர்மார்க்கெட் வெலைக்கு பேரம் பேசாத. டுரியான் வேணும்னா முன்னாடியே சொல்லி வெய்யி, எந்த மரத்துப் பழம்னும் கேட்டு வாங்கு, சொல்லுவாங்க.

முட்டி மடங்க மாட்டேங்குது, மீதி கேள்விக்கு நாளைக்கு.